நெடிலாகப் படித்த குறில்

மார்ச் 4
ஊர் வரலாற்றுப் புத்தகத்தின் கடைசி மெய்ப்பு வந்துவிட்டது. பதினோரு வருட வேலை. முதல் அத்தியாயம், நான் கண்டுபிடித்த கோட்டை. பழைய ஊர்ப் பதிவேட்டில் ‘கோட்டைக் காவலுக்கு ஆள் இரண்டு’ என்று ஒரே வரி. அதை வைத்து மதில், வாசல், வரைபடம் எல்லாம் எழுப்பியிருக்கிறேன். வெளியீட்டு விழாவை நகரமன்றத் தலைவரே நடத்துகிறாராம். நுழைவு வளைவு வேறு கட்டப்போகிறாராம்.

மார்ச் 7
கழுத்து வலி. பிழைகள் நான்குதான்.

மார்ச் 9
பக்க எண் சரிபார்க்கக் காப்பகத்தில் அதே பதிவேட்டை எடுத்தேன். முன்பு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களை இப்போது பிரித்திருக்கிறார்கள். உள்ளே: ‘கோட்டை காயவைக்கப் பாய் ஆறு. செக்கு ஒன்று. விளக்கெண்ணெய்க் குடம் பத்து.’

கோட்டையை யார் காயவைப்பார்கள்?

அந்தக் காலக் கையெழுத்தில் கொ, கோ இரண்டுக்கும் ஒரே வடிவம். மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது! அது கொட்டை. ஆமணக்குக் கொட்டை. அந்த இருவரும் காவல் காத்தது ஓர் எண்ணெய்க் கிடங்கை. எனக்குக் கோட்டை வேண்டியிருந்தது. நெடில் தானாக வந்துவிட்டது.

மார்ச் 10
தங்கையிடம் சொன்னேன். சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. “மழைல நனைஞ்சிருக்கும்க்கா, பாவம். காயப் போட்டிருப்பாங்க.” பிறகு, “யாருக்குத் தெரியப்போவுது? பேசாம விட்டுடேன்.”

விடலாம்தான். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க — ஐயோ, பதினோரு வருஷம்! ஆனா எனக்குத் தெரியுமே?

மார்ச் 12
அச்சகம். “முதல் அத்தியாயத்த எடுத்துடுங்க. வேற தரேன்.”

“மேடம், அட்டையிலயே கோட்டை வரைஞ்சாச்சே!”

“ஆமணக்குச் செடி வரையச் சொல்லுங்க.”

வேடிக்கையா, நிஜமா என்று தெரியாமல் அச்சகக்காரர் என் முகத்தையே பார்த்தார். என்னிடம் அவர் வேடிக்கை கேட்டதில்லை.

மார்ச் 13
தலைவர் தொலைபேசியில்: “கொட்டைக்கெல்லாம் வளைவு கட்ட முடியுமாம்மா?” விழா கிடையாது.

ஏப்ரல் 26
புத்தகம் வந்து எட்டு நாள். முதல் அத்தியாயத்தின் புதிய தலைப்பு: ‘நான் கட்டிய மனக்கோட்டை.’

காலையில் ஒரு பெண் வந்தார். என் வயதுதான், தையல்கடை வைத்திருக்கிறார். அந்த எண்ணெய்க் கிடங்கு அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையதாம். இரண்டு பை நிறையப் பழைய தாள்கள்.

“இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, குடுக்கல. தப்பாப் படிச்சிட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதான் எடுத்துட்டு வந்தேன்.”

மேசையைத் துடைத்து, முதல் தாளைப் பிரித்தேன். முதல் சொல் வாய்வரை வந்தது. நிறுத்திக்கொண்டு, தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

“நீங்க படிங்க.”