முள் இறங்காத பெட்ரோமாக்ஸ்

என்னங்க,

நீங்கள் இருந்தவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்? பேப்பரில் வந்தால் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தும் இப்படியேதான் ஆரம்பிக்கிறேன்.

விருத்தாசலத்தில் கரண்ட் இன்னும் போய்ப் போய்த்தான் வருகிறது. செராமிக் கம்பெனியில் சூளை வேலை பரவாயில்லை என்று உங்கள் தம்பி சேகர் சொல்கிறார். வாணி பத்தாவது வந்துவிட்டாள். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம்.

அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போனதும் பெட்ரோமாக்ஸுக்குப் பம்ப் அடித்தீர்கள். டேங்கில் காற்றின் அளவு காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்தினீர்கள். பற்ற வைப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. எப்போதும் திருகைத் திறந்து காற்றை இறக்கிவிட்டுத்தான் மாட்டுவீர்கள். அன்றைக்கு மட்டும், "இருக்கட்டும் புள்ள, திரும்பப் போவும்" என்று அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினீர்கள். சூளையடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னார்.

உங்கள் துணிமணியை எல்லாம் யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த முள் மட்டும் நீங்கள் விட்ட இடத்திலேயே நின்றது. உள்ளே இருப்பது உங்கள் கை அடைத்த காற்று. போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். யாரையும் தொட விடவில்லை. வாணி மெழுகுவர்த்தியில் படித்துக் கண்ணைக் கசக்கினாள். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தவர் விளக்கை உற்றுப் பார்த்தார்.

"அண்ணி, ஒரு வருஷமா முள்ளு இறங்காம இருக்குமா? மீட்டரு மாட்டிக்கிட்டு நிக்குது. காத்து எப்பவோ போயிருக்கும். தெரியாம யாராச்சும் இதுல பம்ப் அடிச்சா அளவு தெரியாது, வெடிச்சிடும்."

"உங்க அண்ணன் அடிச்ச காத்து உள்ளதான் இருக்குது தம்பி."

"அப்படின்னா தொறந்து பாத்துடுங்க."

அதுதானே முடியவில்லை. இருந்தால், திறந்ததும் போய்விடும். இல்லாவிட்டால் இத்தனை நாள் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

நேற்று மழை மூட்டத்தில் பகலிலேயே வீடு இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், வாணி விளக்கை இறக்கி வைத்து பம்பில் கை வைத்திருக்கிறாள். "எனக்குக் கணக்குப் பரீட்சம்மா. அப்பாவா இருந்தா இந்நேரம் ஏத்தியிருப்பாரு" என்றாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். வெடித்துவிடும் என்று சேகர் சொன்னது ஞாபகம் வந்தது. யோசிப்பதற்குள் திருகைத் திறந்துவிட்டேன்.

உஸ்ஸென்று வந்தது. மெதுவாக, ரொம்ப நேரம். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் வாசனையோடு என் கன்னத்தில் பட்டுத் தீர்ந்தது. வாணியும் நானும் தரையிலேயே உட்கார்ந்து அழுதோம்.

நான் சொன்னதும் சரி, சேகர் சொன்னதும் சரி. காற்றெல்லாம் போன பிறகும் முள் இறங்கவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, நீங்கள் நிறுத்திய அதே இடத்தில் நிற்கிறது. இப்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பது யாருங்க?

வேறு மீட்டர் போட்டுத் தரச் சொல்லி சேகரிடம் சொல்லிவிட்டேன். கழற்றியதை என்னிடமே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். நம் பிள்ளை இனி இருட்டில் உட்கார மாட்டாள், இது சத்தியம். விளக்குக்கு இனி நான்தான் காற்று அடிப்பேன்.

நீங்கள் 'புள்ள' என்று கூப்பிடும்
உங்கள் வீட்டுக்காரி,
கோமதி