பக்கத்து அறை வரை

3 மார்ச், செவ்வாய்

மனைவியின் தொண்டையைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்றும் அதையேதான் சொன்னார். “ஆபரேஷன் புண் ஆறிடும். குரல்தான்... வரலாம், வராமலும் போகலாம்.” வெளியே வந்ததும் அவள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: ‘இனி வீடு நிம்மதி. உங்களுக்கு அதிர்ஷ்டம்.’ சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன்.

என்னைக் கூப்பிட ஸ்பூனால் டம்ளரைத் தட்டுகிறாள். பக்கத்து அறையில் என் மேஜை வரை அது கேட்பதில்லை. அழைப்பு மணி ஒன்று செய்துவிடலாம்: அவளிடம் ஒரு பட்டன், என்னிடம் ஒரு பஸ்ஸர், இரண்டு வயர்லெஸ் மாட்யூல். முப்பது வருடம் லிப்ட் பழுதுபார்த்தவனுக்கு இது எம்மாத்திரம்!

5 மார்ச், வியாழன்

எம்மாத்திரமா? பட்டனை அழுத்தினால் ஒரு பைட் தகவல்கூட பஸ்ஸருக்குப் போய்ச் சேரவில்லை.

6 மார்ச், வெள்ளி

இரண்டு போர்டும் மேஜையில், ஒரு சாண் இடைவெளி. ஒரே சேனல், ஒரே முகவரி. மாட்யூலின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன் — நான் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. சிக்னல் பவரை உச்சத்தில் வைத்தேன். ம்ஹூம்.

மச்சினன் போனில், “ஏன் அத்தான், கடையில ரெடிமேடா கிடைக்குமே?” கிடைக்கும்தான். அவளுக்கு என் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

8 மார்ச், ஞாயிறு

அவளுக்குக் கோபம். என் அறைக்கே வந்து சிலேட்டை நீட்டினாள்: ‘மூணு நாளா நான் அங்க, நீங்க இங்க. உங்களக் கூப்பிடறதுக்குத்தானே இது?’ பட்டன் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பீப். மறுபடியும் பீப்!

ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து, ஆத்திரம் தீர அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுத முகம் சிரித்தது.

உச்ச பவரில் இரண்டையும் ஒட்டி வைத்தால், வாங்குகிற மாட்யூல் திணறிவிடுமாம். காதுக்குள் கத்தினால் என்ன புரியும்? மடையா, எழுந்து நாலடி நடந்து பார்த்திருக்கக் கூடாதா?

12 மார்ச், வியாழன்

அழைப்புகளை எண்ண நிரலில் ஒரு வரி சேர்த்தேன். இன்று பதினேழு. தண்ணீருக்கு மூன்று, ஜன்னல் சாத்த ஒன்று. மற்றதெல்லாம் சும்மா. பதினேழுக்கும் போனேன்.

28 மார்ச், சனி

காலையிலிருந்து பஸ்ஸர் ஊமை. எண்ணிக்கை பூஜ்ஜியம். ரீசெட் செய்தேன், நிரலை மறுபடி ஏற்றினேன், சாலிடரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில், அவள் பக்கத்து பேட்டரியைச் சோதிக்க மல்ட்டிமீட்டரோடு போனேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு.”

கரகரப்பு, பாதிக்குமேல் காற்று. ஆனாலும் அவள் குரல்.

“நான்தான் அழுத்தல. காலையிலேர்ந்து ‘என்னங்க, என்னங்க’ன்னு கூப்பிடறேன். காதுல விழுந்தாத்தானே!”

ஐயோ, பீப் சத்தத்துக்கே காதைத் தீட்டிக்கொண்டு இருந்துவிட்டேனே. “இன்னொரு தடவை கூப்பிடு” என்றேன். கூப்பிட்டாள். அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

அந்தக் குரல் பக்கத்து அறை வரை வராது. மாலையில் மேஜையை இழுத்துவந்து அவள் கட்டில் ஓரம் போட்டுவிட்டேன். புகை அவள் தொண்டைக்கு ஆகாது, சாலிடரிங் மட்டும் பழைய அறையில். இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.