டெய்லர் என்கிற முத்திருளாண்டி

அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய அய்யா,

1. இக்கடிதத்தை எழுதுபவர், இராமநாதபுரம் நீதிமன்றங்களில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவரும், ஐம்பத்தாறு வயதுடைய, டி. சேதுராமன் ஆகிய நான்.

2. நான் தங்கள் மூத்த பிள்ளை. இக்கூற்றை மெய்ப்பிக்கும் ஆவணம் எதுவும் இன்றைய தேதியில் என்னிடம் இல்லை.

இந்த இரண்டாவது பத்தியை எழுதிய பிறகு மூன்றாவதற்குக் கை போகவில்லை. எனவே எண்ணிடுவதை இத்துடன் நிறுத்திக்கொண்டு, பிள்ளை தகப்பனிடம் பேசுவதுபோல் எழுத முயல்கிறேன்.

நீங்கள் போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. அதில் ஆத்தாவின் பெயர் இருக்கிறது, தங்கை பாண்டியம்மாளின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. காரணம் எளிது. இறந்தவர் பெயர் முத்திருளாண்டி. என் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் டெய்லர். ஆக, முத்திருளாண்டிக்கு ஆண் வாரிசு இல்லை; டெய்லர் என்பவருடைய மகன் எவனோ ஒருவன் மனுப் போட்டிருக்கிறான்.

"அண்ணே, ஊருக்கெல்லாம் அபிடவிட் எழுதுற. நீ யாரு பெத்த பிள்ளைன்னு நான் வேணா ஒண்ணு எழுதித் தரவா?" என்று பாண்டி கேலி செய்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். தேவிபட்டினத்துத் தையல் கடையையோ ஊர்ப் புஞ்சையையோ நான் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தாளில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர் ஒருமுறை இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

தவறு தொடங்கிய இடம் உங்களுக்குத் தெரியும். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று நீங்கள் திருவிழாத் துணி தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆத்தாதான் அழைத்துப் போனாள். தலைமையாசிரியர் தகப்பன் பெயரைக் கேட்டார். புருசன் பெயரை வாயால் சொல்லாதவள், "டெய்லருங்க" என்றாள். அவர் அதையே எழுதிக்கொண்டார். பாண்டியைச் சேர்க்க நீங்களே போனீர்கள். அதனால் அவள் மு. பாண்டியம்மாள் ஆனாள்.

மறுவிசாரணைக்காக வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். என் மகள் வயதுப் பெண், பொறுமைசாலி.

"பாட்டி, தாத்தா பேரு சொல்லுங்க."

"அதான் டெய்லருன்னு ஊருக்கே தெரியுமே தாயி."

"அது தொழில் பாட்டி. பேரு?"

ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "கடல்ல முங்கி, சிப்பியில இருந்து எடுப்பாகல்ல, அது மொதல்ல. பொறகு, கரண்டு போனா வீட்டுக்குள்ள வருமே, அது. கடைசியா, பழனியில கோவணத்தோட நிக்கிறாரே, அவரு."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "விடுகதையை வாக்குமூலத்துல எழுத முடியாதே பாட்டி."

அடுத்து, உங்கள் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை சாகுல் அமீதை விசாரித்தார்கள். நான்தான் அவரைச் சாட்சியாகக் குறிப்பிட்டிருந்தேன். "டெய்லரைத் தெரியாமயா? முப்பது வருசமா நம்ம கடை டீதான். சீனி கம்மி, டிகாசன் தூக்கலா" என்று உற்சாகமாகத் தொடங்கினார். முத்திருளாண்டியைத் தெரியுமா என்று கேட்டதும் திகைத்து நின்றார். "அது யாருங்க மேடம்? அல்லா மேல ஆணை, அப்புடி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல." உண்மையைத்தான் சொன்னார். என் தரப்புச் சாட்சி, உண்மையைச் சொல்லியே என் வழக்கை முடித்து வைத்தார்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. ஆய்வாளர் என் சான்றிதழின் ஆங்கிலப் பகுதியைக் காட்டிக் கேட்டார்: "சார், தையல்காரர்னா ஐ எழுத்துத்தான வரணும்? இதுல ஒய் இருக்கே. இது வெள்ளைக்காரங்க குடும்பப் பேரு ஆச்சே?"

தமிழில் எழுதினால் இரண்டும் டெய்லர்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து உங்களைத் துரையாக்கிவிடுகிறது. நான் மூன்று பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்தேன். அந்தக் குடும்பப் பெயர், பழைய பிரெஞ்சு மொழியில் 'வெட்டுபவர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது, துணியை வெட்டுபவர். ஊருக்கு ஒரு தையல்காரர் இருந்ததால் ஊருக்கு ஊர் அந்தப் பெயர் முளைத்தது. இன்று ஆங்கிலேயரிடையே மிகப் பரவலாக வழங்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று. எழுத்துக்கூட்டல் நிலைபெறாத காலத்தில் எழுதுபவர் கைப்போக்கில் ஐ என்றும் ஒய் என்றும் விழுந்து, தொழிலுக்கு ஒன்றும் பெயருக்கு மற்றொன்றுமாகப் பின்னாளில் நிலைத்துவிட்டன. அங்கும் யாரோ ஒருவர் ஒரு மனிதனின் தொழிலையே பெயராகப் பதிந்திருக்கிறார். அவன் பேரன்மார் தலைமுறை தலைமுறையாக அதைச் சுமக்கிறார்கள். நீ யார் மகன் என்று அவர்களை யார் கேட்கிறார்கள்?

ஆய்வாளர் மூன்று பக்கங்களையும் படித்தார். "நல்லா இருக்கு சார். ஆனா அது அவங்க ஊரு. இங்கன, உங்க சர்டிபிகேட்ல இந்த ஒய்யைப் போட்டது யாரு?"

"பதிவேட்டைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

அய்யா, பார்க்க வேண்டியதில்லை. போட்டது நான். பத்தாம் வகுப்பில், தேர்வுப் படிவத்துக்காகத் தகப்பன் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். பாடநூலில் அந்தப் பெயருடன் ஒரு துரை இருந்தார். இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளி வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவரும் உங்களை விட அவர் பெரியவராகத் தெரிந்தார். ஒய் போட்டேன். சட்டக் கல்லூரியில், "அப்பா ஆங்கிலோ இந்தியரா?" என்று ஒருவன் கேட்டபோது ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

என் அலுவலகப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று நீங்கள் அதை நெடுநேரம் பார்த்தீர்கள். "ஏலே சேது, 'மு'வை எங்கனடா காணோம்?" என்றீர்கள். சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றுவது பெரிய வேலை என்றேன். அது பெரிய வேலை இல்லை. உயிருடன் இருக்கும் தகப்பன் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலை. மற்றவர்களுக்கு எத்தனையோ முறை செய்து கொடுத்திருக்கிறேன். நீங்கள், "போகட்டும், தொழில் பேருதான, கெட்ட பேரு இல்லையே" என்று சொல்லிப் பலகையின் தூசியைத் துண்டால் துடைத்தீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததா அய்யா? சான்றிதழில் நான் போட்ட அந்த ஒய் உங்களுக்குப் புரிந்ததா?

தேவிபட்டினத்துக் கடலில் இடுப்பளவு நீரில் நின்று உங்கள் காரியம் செய்தேன். தகப்பன் பெயரைச் சொல்லச் சொன்னார் புரோகிதர். முத்திருளாண்டி என்றேன். அவர் ஆதாரம் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுவிசாரணையிலும் என் பெயர் சேரவில்லை. இனி உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. இருவரும் ஒருவரே என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பு கேட்டு வழக்குத் தொடர வேண்டும். ஆத்தாதான் முதன்மைச் சாட்சி. கூண்டில் ஏறி அந்தப் பெயரை ஒருமுறை சொன்னால் வழக்கு நிற்கும். கெஞ்சினேன்.

"கூப்புட்டா திரும்பிப் பாக்க ஆளு இருந்தப்பவே நான் கூப்புடல" என்றாள். "இப்ப கோர்ட்டுல நின்னு கூப்புட்டா, எங்கன இருந்துடா திரும்பிப் பாப்பாக?"

முப்பது ஆண்டுகளாக எத்தனையோ சாட்சிகளைப் பேச வைத்திருக்கிறேன். இவளிடம் அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உறுதி கூறுகிறேன். ஆத்தாவைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். நானே ஏறி, அந்த எழுத்தைப் போட்டது என் கை, போட்டதற்குக் காரணம் என் வெட்கம் என்று திறந்த நீதிமன்றத்தில் சொல்வேன். என் வாக்குமூலம் என் வழக்கைப் பலவீனப்படுத்தும். தோற்கவும் கூடும். தோற்றால் மேல்முறையீடு செய்வேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று இன்று எனக்குத் தெரியாது. தீர்ப்பு வரும்வரை சட்டம் அனுமதிக்கும் முன்னெழுத்தைத்தான் கீழே இட முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மூத்த பிள்ளை,
டி. சேதுராமன்

சாட்சிகள்:
1. மு. பாண்டியம்மாள், முத்திருளாண்டியை அறிந்தவர்.
2. கா. சாகுல் அமீது, டெய்லரை அறிந்தவர்.