லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

லிகாயா,

பூசையும் சந்தையும் முடிந்து வந்ததும், ஷெட் காலியாகக் கிடக்கிறதென்று ஊரைக் கூட்டாதே. உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் தகாய்தாய் மேடுவரை ஓட்டிப் பார்க்க எடுத்துப்போகிறேன். பூண்டுச் சோறும் வறுத்த கருவாடும் பூனைக்கு எட்டாமல் மூடி வைத்திருக்கிறேன்.

"ஊரான் வண்டிக்கெல்லாம் வைத்தியன், பொண்டாட்டி வண்டிக்கு மட்டும் எமன்"னு நேத்து சொன்னியே, அதோடு என் தூக்கம் போயிற்று. இன்று நீ கிளம்பியதுமே பானெட்டைத் திறந்துவிட்டேன். ஏர் ஃபில்டர் முழுக்கப் புழுதி, ஸ்பார்க் பிளக் நான்கிலும் கரி. எல்லாம் மாற்றி, ஆயிலும் மாற்றி, டயருக்குக் காற்றும் அடித்தாயிற்று. பெட்ரோலாய்க் குடிக்கிறதென்று நீ விற்கப் பார்க்கிறாய்; பத்து மணிக்கு வண்டியை வாங்க வரும் ஆளிடம் அவசரப்பட்டுச் சரியென்று சொல்லிவிடாதே.

இஸ்கோ

திரும்பி வந்துவிட்டேன், நீ இன்னும் வரவில்லை. ஐம்பத்து நான்கு கிலோமீட்டருக்கு ஆறே லிட்டர்! முன்பு இதே தூரத்துக்கு ஒன்பது லிட்டர் குடித்தது. பங்க்கில் இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன்.

இன்னொன்று. ஹாங்காங்கில் எட்டு வருடம் பிறர் வீட்டில் உழைத்து நீ வாங்கிய வண்டி. அதன் கோளாறு எனக்கு எப்போதோ தெரியும். நன்றாக ஓடினால் என்னை விட்டு எங்கேயாவது போய்விடுவாயோ என்ற பயத்தில்தான் தொடாமல் இருந்தேன்.

உட்கார முடியவில்லை, நடந்தே பட்டறைக்குப் போகிறேன். சாவி அரிசி டப்பாமேல் இருக்கிறது. டேங்க் நிறைய பெட்ரோல். விற்பதானால் விற்றுவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இல்லையென்றால், சாயங்காலம் அதிலேயே வந்து என்னைக் கூட்டிப்போ.