சட்டை கழற்றிய தோள்

மார்ச் 4, செவ்வாய்

நாய் துரத்தி விழுந்ததாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இந்த நோட்டில் மட்டும் உண்மை. மகளுடைய சட்டையை ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். போட முடிந்தது. கழற்றத்தான் முடியவில்லை. இரண்டு கையும் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டன. ஓர் இழு இழுத்தேன். வலது தோளில் ‘மளுக்’.

“எதைத் தூக்குனீங்கம்மா?” என்றார் டாக்டர்.

“சட்டையை.”

அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் எலும்புகளைக் காட்டினார். முன்பக்கம் காறை எலும்பு, பின்பக்கம் தோள்பட்டை எலும்பு, அதன் குழியில் கை எலும்பின் உருண்டைத் தலை. “குழி சின்னது, பந்து பெரிசு. அதான் சுலபமா நழுவுது. கீழ விழுந்திருந்தா காறை எலும்புகூட ஒடிஞ்சிருக்கலாம்.”

பந்தை உள்ளே தள்ளி, கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் போட்டுவிட்டார். இந்த வயதில் தூளி.

மார்ச் 6

நான் வேலை பார்க்கும் விடுதிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது ஜோடி வேலை. ஒரு முனையில் நான், மறுமுனையில் நாத்தனார். கையை உயர்த்தி உதறினால்தான் சுருக்கம் போகும்.

சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: “ஏப்ரல் கடைசி வரைக்கும் பாப்பேன். கை மேல போகலன்னா, இப்ப உங்க இடத்துல நிக்கிற டிரைவர் சம்சாரம்தான் நிரந்தரம்.”

“அவ எப்படி?” என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

“பேசறதே இல்ல அண்ணி. காதுக்கு நிம்மதியா இருக்கு.”

மார்ச் 25

தூளி அவிழ்த்தாயிற்று. கை மார்புக்கு மேல் வரவில்லை. வலிக்கிறதென்று சும்மா வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், தலைகூடச் சீவ முடியாது என்கிறாள் பயிற்சி தரும் பெண். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே மேலே ஏற்றச் சொன்னாள்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். “பூச்சி ஏதாவது கெடச்சுதா?”

ஏப்ரல் 9

விரல் ஏறுவது சுவரில் காலண்டர் ஆணி வரைதான். அதுக்கு மேல முடியல. அந்த வேலை டிரைவர் சம்சாரத்துக்குத்தான்னு எழுதியிருக்கோ?

ஏப்ரல் 17

நாத்தனார் வேலை முடிந்து நேராக வந்தாள். எங்கள் வீட்டு விரிப்பை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

“ஏன், அங்க காது நிம்மதியா இல்லியா?”

“நிம்மதிதான். தூக்கம் தூக்கமா வருது. நீங்க கையத் தூக்குங்க அண்ணி.”

தினமும் வருவாளாம்.

ஏப்ரல் 30

சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் கை கட்டி எதிரே நின்றார். நாத்தனார் கண்ணைக் காட்டினாள். உதறினேன். கை போனது. நான் நினைத்ததைவிட மேலே போனது. விரிப்பு, கூரையில் ஓடிய மின்விசிறியில் சுற்றி, ஓர் இறக்கையை வளைத்து, சூப்பர்வைசர் தலையில் இறங்கியது.

“நாளைலேர்ந்து வாங்க” என்றார், உள்ளேயிருந்து.