காற்றின் மேல் போட்ட பழி

பெசன்ட் நகர்,
ஜூலை 9, புதன்கிழமை.

அன்புள்ள மகள் ஜொவிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் உன் தம்பி எரிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் தோள்பட்டை வீக்கம் வடிந்ததா? ஐஸ் வைப்பதை நிறுத்திவிடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். உன்னோடு வேலை பார்க்கிற லிசா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தையும் அம்மா வறுத்துப் பொட்டலம் கட்டிய நெத்திலியையும் கொடுத்தனுப்புகிறோம். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

நீ பணிப்பெண்ணாக வந்த விமானம் குலுங்கி மூன்று வாரம் ஆகப்போகிறது. இந்த ஊர் இன்னும் அதை மென்றுகொண்டிருக்கிறது. டிவியில் ஒருவன் பொம்மை விமானம் செய்து, அதற்குள் ஒரு பெண் கூரையில் போய் முட்டுவதை மூன்று கோணத்தில் காட்டினான். பின்னால் டம டம என்று இசை வேறு. யாரோ பயணி செல்போனில் எடுத்த படத்தைக் கோயில் வாசலில் பஜ்ஜி தின்றுகொண்டே ஆளுக்கு ஆள் காட்டிக்கொள்கிறார்கள். கூரையில் ஒட்டிய சோறு, நடைபாதையில் ஒற்றைச் செருப்பு, யாரோ அலறுகிற சத்தம். சீ என்று இருக்கிறது. நானும் அதைப் பதினைந்து தடவை பார்த்தேன், உன் முகம் எங்காவது தெரிகிறதா என்று. ஆகையால் அந்த ‘சீ’யில் என்னையும் சேர்த்துக்கொள்.

காலையில் பீச்சில் என்னோடு நடக்கிற இரண்டு பேரை உனக்குத் தெரியும். கல்லூரியில் இயற்பியல் நடத்திய சுப்பராமன், பூமி சூடாவதுதான் காரணம் என்கிறார். மேலே ஓடும் காற்று முன்பைவிட வேகமாக ஓடுகிறதாம், ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் வேகம் ஒத்துப்போகாமல் கலங்குகிறதாம், மேகம் இல்லாத இடத்தில் ராடாருக்கு ஒன்றும் தெரியாதாம். ராமானுஜம் அதெல்லாம் சால்ஜாப்பு என்கிறார். எண்ணெய் மிச்சம் பிடிக்க, சுற்றிப் போகாமல் நேராகக் காற்றுக்குள் விடுகிறார்கள், பைலட்டுக்குப் பொறுமை இல்லை என்பது அவர் கட்சி. சுப்பராமன் கைத்தடியால் மணலில் காற்றோட்டத்தை வரைந்தார், ராமானுஜம் செருப்பால் அதை அழித்தார். இப்போது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. மாதா சபை அன்புச்செல்வியைக் கேட்டால், கடைசிக் காலம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறாள். குப்பத்தில் மீன் வாங்கப்போன அம்மாவிடம்கூட, கடலில் காற்று மாறி ரொம்ப நாளாச்சு என்று அளந்து விட்டிருக்கிறார்கள்.

நான் சுப்பராமன் கட்சியில் சேர்ந்துகொண்டேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் நான் சேர்ந்தது அதனால் இல்லை. காற்றுதான் காரணம் என்றால் என் மகள் மேல் ஒரு பழியும் வராது. அது எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிறு பூசையில் ஃபாதர் உன் பெயரைச் சொல்லி, அடிபட்ட தோளோடு பயணிகளைத் தாங்கிய பிள்ளை என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நீ கேட்டபடி திங்கட்கிழமை சைதாப்பேட்டைக்குப் போனேன், உன் விமானத்தில் கழுத்து எலும்பில் விரிசல் விட்ட அந்த அம்மாளைப் பார்க்க. நான் யார் என்று சொல்ல வேண்டாம் என்றாய். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலிலிருந்து நோயாளிகளைப் பார்க்க வருகிறவன் என்று பொய் சொல்லி, ஆறு சாத்துக்குடியோடு உள்ளே போனேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் இரண்டு அறை. சகினாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்காது. கழுத்தைச் சுற்றிப் பட்டை, தலையைத் திருப்ப முடியாது, வலது கை விரல்கள் மடங்குவதில்லை. அவள் கணவர் குலாம் முகம்மது பஜாரில் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவர். நான் போனபோது அவர் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். பூட்டுக்குள் கம்பி விடுகிற விரல்களுக்குப் பின்னல் வரவில்லை. மூன்று தடவை அவிழ்த்துப் போட்டார். அவள், “போதும் விடு, யார் என்னைப் பொண்ணு பாக்க வரப்போறாங்க” என்று சிரித்தாள். சிரித்தால் கழுத்து வலிக்கிறது போல, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

சகினா, வளைகுடாவில் இருக்கும் மகள் ஜுவேரியாவின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவளாகவே உன்னைப் பற்றிச் சொன்னாள். “ஒரு தமிழ்ப் பொண்ணு, அண்ணே. இறங்குற வரைக்கும் என் தலையைத் தன் மடியில வெச்சுக்கினு அழுதுக்கினே வந்துச்சு. அதுக்கும் அடி. அல்லா அத்த நல்லா வெக்கணும்.” எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பெருமையில்தான் வாயைத் திறந்தேன். காற்று, சூடு, ராடார் என்று பீச்சில் கேட்டதையெல்லாம் குலாம் முகம்மதுவிடம் ஒப்பித்தேன். காற்றுக்கு யார் பொறுப்பு என்றுகூடச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பெல்ட்டைப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது, அவள் மேல்தான் தப்பு என்றார். “ஆமா, என் தப்புதான்” என்று அவளும் சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

பிறகு அவர் ஒரு கவரை எடுத்து வந்தார். உன் கம்பெனியின் கடிதம், எல்லாம் இங்கிலீஷ். “சார், இதுல இன்னா எழுதிக்கீது? கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இருபதாம் தேதிக்குள்ள அனுப்பணுமாம்” என்றார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். காற்றின் கொந்தளிப்பு இயற்கையின் செயல், யாராலும் முன்கூட்டி அறிய முடியாதது. பெல்ட் விளக்கு எரிந்தது. ஆங்கிலம், அரபு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. பயணி அதை மதிக்கவில்லை. இதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம், மேற்கொண்டு எந்த விசாரணையும் கேட்க மாட்டோம்.

கட்டிலில் இருந்து அவள், “தமிழ்ல யாரும் ஒண்ணும் சொல்லலியே” என்றாள்.

சண்டைக்காகச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். போகும்போது தமிழில் சொன்னார்கள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டாளாம். வரும்போது டிங் என்று சத்தம் கேட்டதாம், இங்கிலீஷில் என்னவோ சொன்னார்களாம். பக்கத்து சீட் ஆள் காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்கினானாம். “சாப்பாட்டு வண்டி முன்னாடி நின்னுக்கினு இருந்துச்சா, டீ வருதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன் அண்ணே. பெல்ட்டைக் கழட்டிட்டு, பலகையைத் தொறந்து வெச்சுக்கினு உக்காந்தேன்” என்றாள்.

ஜொவி, டீக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

நீ வேலையில் சேர்ந்த புதிதில் அந்த அறிவிப்பு அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? “தங்கள் ஆசனப் பட்டிகளைப் பிணைத்துக்கொள்ளுமாறு வேண்டப்படுகிறீர்கள்” என்று இருந்தது. இது என்ன தமிழ், கல்வெட்டா என்று சிரித்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான்தான் மாற்றி எழுதினேன். “பயணிகளே, விமானம் பலமாகக் குலுங்கலாம். எழுந்திருக்க வேண்டாம். இப்போதே பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.” நீ அதைக் கம்பெனியில் காட்டி அனுமதியும் வாங்கினாய். என் முன்னால் நின்று படித்தாய், எரிக் நேரம் பார்த்தான். பதினோரு விநாடி. அந்த வாசகத்தைக் கேட்டிருந்தால் சைதாப்பேட்டையில் பிறந்தவள் டீ என்று நினைப்பாளா?

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தது. சாப்பாட்டு வண்டி வெளியே நிற்கிற நேரத்தில் தமிழை விட்டுவிடச் சொல்கிறார்கள் அப்பா, விளக்கு எரிவது எல்லாருக்கும் தெரியும்தானே என்றாய். நானும் தட்டில் குழம்பை வழித்துக்கொண்டே தலையாட்டினேன். குலுங்கிய மறுநாள் போனில் கேட்டபோது, எல்லா அறிவிப்பும் செய்தோம் என்றாய். அந்த அம்மாளைப் போய்ப் பார் என்று என்னை அனுப்பியவளும் நீதான். நான் யார் என்று சொல்லாதே என்றவளும் நீதான்.

அங்கிருந்து பஸ் ஏறவில்லை. கோட்டூர்புரம் பாலம் வரை நடந்தே வந்தேன். கீழே ஆறு நாறிக்கொண்டு கிடந்தது. இத்தனை வருஷத்தில் அன்றுதான் எனக்கு மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. அதைவிட நாறியவை வேறு இருந்தன. மூன்று மொழியிலும் சொன்னோம் என்று கூசாமல் டைப் அடித்தவன், மணலில் படம் போடுகிற பெரிய மனிதர்கள், பொம்மை விமானத்தை ஆட்டுகிற டிவிக்காரன், படித்தவன் என்று நம்பிய மனிதரிடம் காற்றைக் காட்டிவிட்டு வந்த நான். பூமி சூடாகட்டும், பைலட் அவசரப்பட்டிருக்கட்டும். அதைப் பெரியவர்கள் இன்னும் பத்து வருஷம் பேசிக்கொண்டிருக்கட்டும். காற்று ஏன் அடித்தது என்று ஊரே கேட்கிறது. அது அடிப்பதற்கு முன்னால் அவளுக்கு யாராவது சொன்னார்களா என்று ஒருவர் கேட்கவில்லையே.

உன் மேலும் அருவருப்பாக இருக்கிறது, மகளே. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். சொல்லாமல் விட்டது அவசரத்தில், மேலே இருக்கிறவர்கள் ஏற்படுத்திய பழக்கத்தில். அதை நான் புரிந்துகொள்கிறேன். பிறகு சொன்னதாகச் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன் மடியில் கிடந்தவள், இன்றைக்கும் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பிள்ளைக்கு வேலை போய்விடுமே என்றாள். சொல்லிவிட்டு நெத்திலியை வறுக்கப் போய்விட்டாள். உப்பு கூடிப்போயிருந்தால் அதனால்தான், பொறுத்துக்கொள்.

இதை விசாரிக்கும் விமான அதிகாரிகளுக்கு நடந்ததை நடந்தபடி எழுது. தமிழில் படிக்கவில்லை என்று எழுது, யார் விட்டுவிடச் சொன்னார்கள் என்று எழுது, நீ பேசாமல் இருந்தாய் என்றும் எழுது. வேலை போனால் வீட்டுக்கு வா. உன் அறையில் எரிக் துணி காயப்போட்டு வைத்திருக்கிறான், எடுக்கச் சொல்கிறேன்.

அன்று கிளம்பும் முன் குலாம் முகம்மதுவை இருபதாம் தேதி வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த விமானத்தில் வேலை பார்த்த ஒருவர் உண்மையை எழுதுவார் என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். யார் அது என்று அவர் கேட்டார். சகினாதான், “அந்தப் பொண்ணாத்தான் இருக்கும். அது எழுதும்” என்றாள்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் நான் சைதாப்பேட்டைக்குப் போவேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், அந்தப் பெண்ணைப் பெற்றவன் நான்தான் என்று அன்றைக்குச் சொல்லிவிடுவேன். அதை நிமிர்ந்து நின்று சொல்வேனா, தலையைக் குனிந்துகொண்டு சொல்வேனா என்பது உன் கையில் இருக்கிறது.

உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறேன். மாதா உனக்குத் துணை நிற்கட்டும்.

என்றும் உன்
அப்பா,
ஆம்ப்ரோஸ்