திதிக்குத் திருப்பி வைத்த புலி

ஜியோன்ஜு

அன்புள்ள செரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். குளிரில் முழங்கால் முனகுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் ஹெல்சிங்கியில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்தது. நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ அனுப்பிய படத்தை திதிப் படையலுக்குப் பின்னால் நிற்கும் நம் மடிப்புத்திரையில் பிறகு ஒட்டியிருந்தேன், மரப்பட்டைத் தாளில் பசை பூசி, கல்பொடி நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றி நீ வரைந்தாயே, பூப்போர்வைக்குள் சுருண்டு தூங்கும் புலி, அதற்குக் கஞ்சி கிண்டும் முயல். திரையின் மறுபக்கம் வெறும் எழுத்து. திதிக்கு எழுத்துப் பக்கம்தான் தெரிய வேண்டும், அது தெரியாதவளா நான், வேண்டுமென்றேதான் புலி முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தேன்.

பெரியப்பா வந்தார், கும்பிடவில்லை. இது என்ன தொட்டில் ரூமா, இந்தக் கண்றாவி இருக்கிற எடத்துக்கு என் தம்பி வருவானா, ஆம்பளப் புள்ள இல்லாத வீடுன்னா இப்படித்தான், கிழிச்செறி, இல்லன்னா இனிமே திதி என் வீட்லதான் என்று கத்தினார். சாப்பாட்டுக்கு மட்டும் குறையில்லை. மீன் அடை தின்ற எண்ணெய்க் கையாலேயே புலியின் காதைத் தேய்த்துப் பார்த்தார். கறை இன்னும் போகவில்லை.

கேவலம் இதற்கு மேல்தான். மறுவாரம் பெரியம்மா போன் பண்ணி, பேரனுக்கு மொதப் பொறந்தநாள் வருது, செரினை அதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு அனுப்பச் சொல்லேன், புலி இன்னும் கொஞ்சம் குண்டா இருக்கட்டும், இவரும் ஆசைப்படறாரு என்கிறாள். சீ, என்ன ஜென்மங்கள். நீ வரைந்து கொடு, குழந்தை என்ன பாவம் செய்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. கடைசி நாட்களில் அப்பா கண்ணை மூடவே பயந்தார். திரையில் ஒட்டும் முன் உன் படத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரேதான் மாட்டியிருந்தேன். இவ்ளோ பெரிய புலியே போத்திக்கிட்டுத் தூங்குது, எனக்கென்ன என்று சொல்லிவிட்டுத் தூங்கினார். அந்த மனிதர் புலியைப் பார்த்தா திரும்பிப் போவார்? உங்க வீட்ல நீங்க தாராளமா கும்பிடுங்க, அவர் எங்க வருவார்னு எனக்குத் தெரியும் என்று திதியன்றே பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதோடு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், நிம்மதி.

தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அடுத்த திதிக்குக் கட்டாயம் வந்துவிடு, படையலில் ஆண்பிள்ளைதான் ஊற்ற வேண்டும் என்கிற முதல் கிண்ண மதுவை அப்பாவுக்கு நீ ஊற்று.

உன் அம்மா,
மால்சுன்